நூடுல்ஸ் மாப்பிள்ளை

இல்லண்ணே, நீங்க ஜன்னல் ஓரமாவே இருங்க. எனக்கு இன்னைக்குக் காத்தே வேண்டாம். சும்மாவே மெதக்குற மாதிரிதான் இருக்கு. தேனியிலருந்து மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டே வான்னு சொன்னாலும் வந்துருப்பேன். நீங்க வேற நகந்து எடம் குடுத்துட்டீங்க.

என்ன விசேஷமா? நீங்களாக் கேட்டதால சொல்றேன். நானாப் போயி யாருகிட்டயும் சொல்றதில்ல. கண்டக்டர்கிட்ட சொன்னேன், அவரு சில்லறை தேடிக்கிட்டே பாதிதான் கேட்டாரு. டீக்கடையில சொன்னேன். பேப்பர் வாங்கப் போனப்ப அந்தக் கடைக்கார அம்மாகிட்ட சொன்னேன். மத்தபடி யாருக்கும் தெரியாது.

எனக்குக் கல்யாணம்ணே. வர்ற தை மாசம்.

நாப்பத்தஞ்சு வயசு. நீங்க நரையைப் பாக்குறீங்க, அது பதினெட்டு வயசுலயே வந்துருச்சு, அதைக் கணக்குல எடுக்காதீங்க. பேரு தனுஷ்கோடி. தேனியில ஒரு எலெக்ட்ரிக் கடையில இருக்கேன். பல்பு வாங்கப் போனா ஹோல்டர்ல மாட்டி எரியுதான்னு காட்டிக் குடுப்பாங்கல்ல, அந்த ஆளு நான்.

இந்தக் கல்யாணம் எப்படி அமைஞ்சுச்சுன்னு கேட்டா எங்க கடையில எல்லாரும் நூடுல்ஸ்ம்பாங்க. சிக்கன் நூடுல்ஸ். நான் ஒத்துக்க மாட்டேன். எங்க அக்காவாலதான் அமைஞ்சுச்சு. எங்க அக்கா மட்டும் இல்லேன்னா இந்த ஜென்மத்துல நடந்துருக்காது. அதை மொதல்ல சொல்லிட்டுத்தான் நூடுல்ஸுக்கு வரணும்.

அக்கா பேரு பவுன்தாய். எனக்கு மூத்தவங்க. எங்கம்மா போனதும், 'தம்பி தனியாக் கெடக்குறானே'ன்னு மச்சானையும் கூட்டிக்கிட்டு மதுரையிலருந்து வந்து எங்கூடவே தங்கிட்டாங்க. மதுரையில அவங்களுக்குச் சொந்த வீடு இருக்குண்ணே. மாடி வச்ச வீடு. அதை வாடகைக்கு விட்டுட்டு, எனக்காக என் வீட்ல வந்து பன்னெண்டு வருஷம் கஷ்டப்பட்டாங்க. யாரு செய்வா சொல்லுங்க. நான் கட்டுன வீடு சின்னது. ஒரு ரூமு, ஒரு ஹாலு. மச்சானுக்கு முதுகுவலி, ஏசியில படுத்தாத்தான் தூக்கம் வரும். அதனால ரூம்ல அவங்க ரெண்டு பேரும். நான் ஹால்ல. ஹால்ல படுத்தா டிவி பாக்கலாம். மச்சான் பாத்து முடிச்ச பெறகு.

சாப்பாட்டு விஷயத்துல அக்கா ரொம்பக் கவனம். கோழி எடுத்தா காலு, நெஞ்செல்லாம் மச்சானுக்குப் போகும். 'உனக்குச் சூட்டு உடம்புடா தம்பி, கறி ஆகாது'ன்னு எனக்குக் குழம்பை மட்டும் ஊத்துவாங்க. எப்பவாவது கழுத்து வரும். என் உடம்பைப் பத்தி என்னையவிட அவங்களுக்குத்தான் தெரியும்.

பொண்ணு பாக்குறதுலயும் அப்படித்தான், லேசுல விட மாட்டாங்க. ஒரு பொண்ணு ரொம்ப உயரம்னாங்க. ஒண்ணு ரொம்பக் குட்டை. ஒண்ணு ரொம்ப அழகு, அழகா இருக்குறது அடுப்படிக்குப் போகாதுன்னாங்க. ஒரு எடத்துல எல்லாம் பொருந்தி வந்துச்சு, ஆனா அந்த வீட்டு நாய் அக்காவைப் பாத்துக் குரைச்சிருச்சு. 'நாயே நம்மள மதிக்கல, பொண்ணு எப்படி மதிக்கும்'னு எந்திரிச்சு வந்துட்டாங்க. யோசிச்சுப் பாத்தா அதுவும் சரிதான. எனக்கு ஒரு கொறையும் வந்துரக் கூடாதுன்னு அவ்வளவு பாத்தாங்க. பாத்துப் பாத்து நாப்பத்தஞ்சு ஆயிருச்சு.

ஆவணி மாசம் தரகர் ஒச்சப்பன் ஒரு ஜாதகம் கொண்டு வந்தாரு. பொண்ணு பேரு அங்கயற்கண்ணி. அல்லிநகரத்துல வீடு. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. அப்பா வருஷக் கணக்காப் படுக்கையில கெடந்துருக்காரு, அவரைப் பாத்துக்கிட்டே அவங்களுக்கு வயசு நாப்பத்தொண்ணு ஆயிப்போச்சு. இப்ப அப்பா இல்ல, அம்மா மட்டும். ஒச்சப்பன் வந்தப்ப நான் கடையில இருந்தேன். அக்காதான் பேசிருக்காங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்குப் பெறகுதான் தெரிஞ்சுச்சு.

'எந்தம்பி சோறே திங்க மாட்டான்ப்பா. மூணு வேளையும் நூடுல்ஸுதான். அதுவும் சைனாக்காரன் மாதிரி கோழியைப் போட்டு அவனே கிண்டித் திம்பான். வேற யாரு சமைச்சு வச்சாலும் தட்டோட தூக்கி எறிஞ்சிருவான். எந்தப் பொண்ணு இவனுக்குப் பொங்கிப்போட முடியும்? அந்தப் பிள்ளைக்கு வேற எடம் பாரு.'

எனக்கு நூடுல்ஸே தெரியாதுண்ணே. ரோட்டுக் கடையில டங்கு டங்குன்னு தட்டும்போது அந்தப் பக்கமாப் போயிருக்கேன், அவ்வளவுதான். சுடுதண்ணி வைக்கக்கூட அக்கா அடுப்படிக்குள்ள விட மாட்டாங்க, கேஸ் வீணாயிரும்னு. அப்பறம் ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு யோசிச்சேன். தம்பி ஊத்துன குழம்பைத் தின்னுட்டுப் போற ஆளுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் ஒசத்திச் சொல்லிருக்காங்க. பாசம்.

அது முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. நீலக் கலர்ல பூப்போட்ட சேலை. 'ஒம்போது வாட்ஸ்ல ஒரு பல்பு குடுங்க'ன்னாங்க. நான் எடுத்து மாட்டி எரிய விட்டேன். அவங்க பல்பைப் பாக்கல. என் மூஞ்சியவே பாத்தாங்க.

'நீங்கதான அந்த நூடுல்ஸ் மாப்பிள்ளை?'

எனக்கு ஒண்ணும் புரியல. 'யாரு சொன்னா?'ன்னேன்.

'உங்க அக்கா. மூணு வேளையும் அதானாம்ல. நீங்களே செய்வீங்களாம்ல. ஒச்சப்பன் வந்து சொன்னாரு.'

அப்பத்தான் இவங்கதான் அந்த ஜாதகம்னு எனக்குத் தெரியுது. இல்லன்னு சொன்னா அக்கா பொய் சொன்ன மாதிரி ஆயிரும். ஆமான்னு சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். எரியுற பல்பைப் பாத்துக்கிட்டே, 'எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க'ன்னேன்.

'அப்ப எனக்கு ஒரு நாள் செஞ்சு குடுங்களேன். எங்கப்பாவுக்குக் கஞ்சி வச்சு வச்சு, மிச்சத்தை நானும் குடிச்சுக் குடிச்சு, என் நாக்கே செத்துப்போச்சு. நூடுல்ஸ்னா எனக்கு உசுரு. வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானும் அம்மாவும் வர்றோம். பாத்துட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு நேராச் சொல்லிருங்க. தரகர் மூலமா வேண்டாம்.'

சொல்லிட்டுச் சிரிச்சாங்கண்ணே. அந்தச் சிரிப்பு எப்படின்னா... அதை விடுங்க, பஸ்ஸுல சொல்ல முடியாது. பல்பு வாங்காமலே போயிட்டாங்க. நானும் அதை அணைக்கல. ரொம்ப நேரம் கழிச்சு மொதலாளி வந்து அணைச்சாரு.

அந்த ஞாயித்துக்கிழமை அக்காவும் மச்சானும் திருச்செந்தூருக்குப் போறதா இருந்துச்சு. மச்சானோட சொந்தத்துல காதுகுத்து. திங்கக்கிழமைதான் வருவாங்க. நான் அக்காகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். பாவம், ஊருக்குக் கெளம்புற அவசரத்துல இருக்குறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.

நடுவுல இருந்தது அஞ்சாறு நாளு. எங்க கடையில இண்டக்ஷன் ஸ்டவ் இருக்கும், வாங்க வர்றவங்களுக்குத் தண்ணி கொதிக்க வச்சுக் காட்டுறதுக்கு. மத்தியானம் ஷட்டரைப் பாதி எறக்குனதும் அதுலதான் படிச்சேன். ஃபோன்ல ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்கும். 'அவ்ளோதான் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப ஈஸி'ன்னு முடிக்கும். மொத நாள் நான் செஞ்சது களியாயிருச்சு. கரண்டியை நட்டு வச்சா நின்னுச்சு. மறுநாள் வேகாம, ஒயரு மாதிரி இருந்துச்சு. கடையில எல்லாரும் சாப்புட்டாங்க, நல்லவங்க.

பெறகுதான் சூட்சுமம் புரிஞ்சுச்சு. நூடுல்ஸை முக்கால் வேக்காட்டுல எடுத்து வடிச்சு, பச்சத்தண்ணியை ஊத்தி, ஒரு கரண்டி எண்ணெயைப் பெரட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமக் காய விடணும். ஈரம் இருந்தாக் கெட்டுது. அந்தப் பொண்ணு தட்டுல பரப்பி ஆற வைங்கன்னு சொல்லுச்சு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல. கடையில தல முடி காய வைக்கிற டிரையர் இருந்துச்சு. அதை எடுத்து ஓட்டுனேன். என்னமாக் காயுது தெரியுமா? ஒவ்வொரு இழையும் தனித்தனியா, தலைக்குக் குளிச்ச பொம்பளப்பிள்ளை முடி மாதிரி. மொதலாளி மட்டும் பாத்துட்டு, 'இனிமே அந்த டிரையரை விக்க முடியாது, நீயே கொண்டுபோ'ன்னுட்டாரு.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சுச்சு. அக்காவையும் மச்சானையும் பஸ் ஏத்தி விட்டுட்டு நேரா கோழிக்கடை. 'எலும்பில்லாம நெஞ்சுக்கறி மட்டும் குடுங்க'ன்னேன். 'வீட்ல யாருக்குண்ணே பல்லு இல்ல?'ன்னு கேட்டாரு கடைக்காரர். கேரட்டு, பீன்ஸு, முட்டைக்கோசு, குடமிளகாய், வெங்காயத்தாள். அதெல்லாம் தீக்குச்சி மாதிரி நறுக்கணும்ணே. கேரட்டுலயே காலைப்பொழுது பாதி போயிருச்சு. கறியையும் விரல் நீளத்துக்குக் கீறி, சோயா சாஸ், மெளகுத்தூளு, கொஞ்சம் சோளமாவு, ஒரு முட்டையோட வெள்ளைக்கரு எல்லாம் போட்டுப் பெசஞ்சு மூடி வச்சேன். இஞ்சி பூண்டை அரைக்கக் கூடாது, பொடிப்பொடியா நறுக்கணும். நறுக்குனேன். நடுவுல ஒரு விரலையும் லேசா நறுக்கிட்டேன். வலியே தெரியல.

கரெக்டா வந்துட்டாங்க. அவங்க அம்மா டிவி முன்னாடி உக்காந்துட்டாங்க. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வச்சுக் குடுத்தேன். கண்ணி, நான் கண்ணின்னுதான் சொல்றது, அடுப்படி நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டாங்க. 'நான் ஒண்ணும் தொட மாட்டேன். தட்டைத் தூக்கி எறிவீங்களாம்ல'ன்னாங்க.

இருப்புச் சட்டியை அடுப்புல வச்சு முழுசா எரிய விட்டேன். இந்தச் சமையலுக்குத் தீயைக் கொறைக்கவே கூடாது. சட்டி பொகையணும், அப்பத்தான் எண்ணெய். கறியைப் போட்டேன், சொய்ங்ன்னு ஒரு சத்தம். வெள்ளையாத் திரும்பி ஓரம் செவந்ததும் எடுத்து வச்சேன். இஞ்சி பூண்டு. காய்கறி. காயி நறுக்குன்னு இருக்கும்போதே நூடுல்ஸைக் கொட்டி, கறியைக் கொட்டி, சாஸை விட்டேன். வாசம்ணே. அந்த அடுப்படியில அப்படி ஒரு வாசம் வந்ததே இல்ல. பொகையும் வந்துச்சு. கண்ணி இருமுனாங்க. அவங்க இருமுறாங்களேன்னு நான் ஓடிப்போயி டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ் மேல வச்சு வேகமா ஓட விட்டேன். அந்த ஃபேனுக்கு முன்வலை கெடையாது. தொடைக்கிறதுக்குக் கழட்டுனவன் மாட்ட மறந்துட்டேன். கடையில வர்றவங்ககிட்ட எல்லாம் வலை இல்லாம ஓட்டாதீங்கன்னு சொல்றவன் நான்.

அத்தோட விட்டுருக்கலாம். ஃபோன்ல அந்தப் பொண்ணு சட்டியைப் பிடிச்சு ஒரு தூக்குத் தூக்கும், எல்லாம் மேல போயி அழகாத் திரும்பி வந்து விழும். அதை நான் கடையில பழகவே இல்ல. ஆனா கண்ணி பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கை சும்மா இருக்குமா? ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே தூக்கு.

மேல போச்சு. திரும்பி வரல.

ஃபேனுக்குள்ள போயிருச்சுண்ணே. ஒரு நிமிஷம், அடுப்படியில நூடுல்ஸ் மழைதான். செவுத்துல, ஜன்னல் கம்பியில, காலண்டர்ல இருந்த முருகன் மேல, என் கண்ணாடியில, அவங்க தலையில. பூ வச்ச எடத்துல ஒரு பீன்ஸு வேற. நான் ஃபேனை அணைச்சுட்டு அப்படியே நின்னேன். போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ஹால்ல டிவியில யாரோ அழுதுக்கிட்டு இருந்தாங்க.

கண்ணி மூஞ்சியைப் பொத்திக்கிட்டாங்க. அவங்க தோளு மட்டும் குலுங்குச்சு. அழுகுறாங்களோன்னு பயந்துட்டேன். பாத்தா சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு. நிலையைப் பிடிச்சுக்கிட்டே சறுக்கி அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. எனக்கும் வந்துருச்சு. எனக்கு அப்படிச் சிரிச்சுப் பழக்கம் இல்ல, வயிறு பிடிச்சுக்கிச்சு, நானும் உக்காந்துட்டேன். ரெண்டு பேரும் தரையில. அவங்க கையை நீட்டி என் கண்ணாடியில தொங்குன இழையை எடுத்து வாயில போட்டு, நிதானமா மென்னு பாத்துட்டு, 'உப்பு சரியா இருக்கு'ன்னாங்க.

அந்த நேரத்துல செத்துருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நல்லவேளை, வேக வச்சதுல பாதி நூடுல்ஸ் தட்டுல மிச்சம் இருந்துச்சு. கறியும் கொஞ்சம் இருந்துச்சு. கண்ணி முந்தானையைச் செருகிக்கிட்டு வந்துட்டாங்க. 'இந்தத் தடவை எறியாதீங்க. ரெண்டு கரண்டியை வச்சுப் பெரட்டுங்க, போதும். எங்க, நூடுல்ஸைக் காய வைக்க என்ன பண்ணுனீங்க?'ன்னு கேட்டாங்க. டிரையரைக் காட்டுனேன். மறுபடி தரையில உக்காந்துட்டாங்க.

அப்பறம் ரெண்டு பேருமாச் செஞ்சோம். நான் பெரட்டுனேன், அவங்க மெளகுத்தூளைத் தூவுனாங்க, கடைசியில வினிகரு, மேல வெங்காயத்தாளு. அவங்க அம்மாவுக்கு ஒரு தட்டு குடுத்தோம். நாங்க அடுப்படியிலயே நின்னுக்கிட்டுச் சாப்புட்டோம். எனக்குக் கறியாப் பொறுக்கி வச்சாங்க. 'எனக்கு ஆகாது, சூட்டு உடம்பு'ன்னேன். 'யாரு சொன்னா?'ன்னாங்க. அக்கான்னேன். இன்னும் ரெண்டு துண்டை எடுத்து என் தட்டுல வச்சாங்க. 'சாப்புடுங்க'ன்னாங்க. சாப்புட்டேன். ஒண்ணும் ஆகலண்ணே.

அப்ப நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'ஊர்ல எத்தனையோ பேரு இருக்கும்போது என்னைய எப்படி...'

'நீங்க போன வருஷம் காய்ச்சல்னு எங்க லேபுக்கு வந்தீங்க. ஊசியைப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டீங்க. நான்தான் தூக்கி உக்கார வச்சேன். மாஸ்க் போட்டிருந்ததால உங்களுக்கு மொகம் தெரியாது. மயக்கம் தெளிஞ்சதும் மொத வார்த்தை என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?'

இல்லன்னேன்.

'என்னையத் தூக்குனதுல உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கலையேன்னு கேட்டீங்க. இத்தனை வருஷமா ரத்தம் எடுக்குறேன். வீட்ல அப்பாவைத் தூக்கிருக்கேன், லேப்ல எத்தனையோ பேரைத் தூக்கிருக்கேன். ஒருத்தரும் என் முதுகைப் பத்திக் கேட்டதில்ல.' சொல்லிட்டுத் தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாங்க. 'அன்னைக்கே உங்க பேரைச் சீட்டுல பாத்து வச்சுக்கிட்டேன். ஒச்சப்பனை அனுப்புனது நான்தான்.'

மச்சானுக்கு முதுகுவலி இருக்குறதால எனக்கு எப்பவும் முதுகு நெனப்புதான். பாருங்க, அதுவும் அக்கா குடும்பத்தால வந்த நல்லதுதான.

இப்படிப் பேசிக்கிட்டு இருக்கும்போதே வாசக்கதவு தெறக்குது. அக்காவும் மச்சானும். பாதி வழியில பஸ்ஸு ரிப்பேராகி, மச்சானுக்கு முதுகு வலிக்குதுன்னு திரும்பிட்டாங்களாம். அக்கா அடுப்படி வாசல்ல வந்து நின்னாங்க. செவுத்தைப் பாத்தாங்க. முருகனைப் பாத்தாங்க. கண்ணியைப் பாத்தாங்க. எனக்குச் சந்தோசம் தாங்கல. 'அக்கா, நீங்க சொன்ன மாதிரியே நூடுல்ஸ் செஞ்சுட்டேன் பாத்தீங்களா'ன்னேன். அக்கா மொகம் வெளுத்துப்போச்சு. பயணக் களைப்பு.

அக்கா மெதுவா கண்ணிகிட்டச் சொன்னாங்க, 'நீ நல்ல பிள்ளையா இருக்கம்மா. உன்னைய ஏமாத்தக் கூடாது. அவனுக்குச் சக்கரை இருக்கு.'

'இல்லையேக்கா. எங்க லேப்லதான் பாத்தாரு. காய்ச்சல் தவிர எல்லாமே நார்மல். ரிப்போர்ட் டைப் பண்ணுனது நான்தான்.'

அக்கா எவ்வளவு சந்தோசப்பட்டுருக்கணும். ஆனா அதிர்ச்சியில நிலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்ல செய்தியும் அதிர்ச்சிதானண்ணே. அப்பறம், 'கோவக்காரன்மா, தட்டைத் தூக்கி எறிவான்'னாங்க.

'சட்டியையே எறிஞ்சாருக்கா. பாத்தேன்'னாங்க கண்ணி.

அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. 'உனக்குத் தெரியாதும்மா. இவனைப் பாத்துக்குறது லேசுப்பட்ட வேலையில்ல. பன்னெண்டு வருஷமா சொந்த வீட்டை விட்டுட்டு வந்து, நான் இங்க படுற பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.'

கண்ணி கையைக் கழுவிட்டு வந்து அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'அதுக்குத்தானக்கா நான் வந்துருக்கேன். இனிமே நீங்க ஒரு நாள்கூட இங்க கஷ்டப்படக் கூடாது. உங்க வீடு, உங்க மாடி, காலை நீட்டி நிம்மதியா இருங்க. பன்னெண்டு வருஷம் ஒழைச்ச ஒடம்பு. இன்னும் உங்களை இங்க பிடிச்சு வச்சுருந்தா எங்களுக்குப் பாவம்க்கா.'

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்லையே. என் வசதிக்காக அக்காவைக் கொடுமைப்படுத்திருக்கேன். பன்னெண்டு வருஷமாக் கூடவே இருந்த எனக்குத் தோணாதது, வந்து ஒரு மணி நேரம் ஆகாத பிள்ளைக்குத் தோணுது. நான் அழுதுட்டேன். 'அக்கா, நாளைக்கே மதுரை வீட்ல குடியிருக்குறவங்ககிட்டப் பேசிருவோம். இனி நீங்க எனக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போடக் கூடாது'ன்னேன். அக்கா என்னையப் பாத்தாங்க, கண்ணியைப் பாத்தாங்க, வாயைத் தெறந்தாங்க, மூடிட்டாங்க. மனசு நெறஞ்சா பேச்சு வராது.

மச்சான் எப்ப உக்காந்தாருன்னு தெரியல. கண்ணியோட அம்மா பக்கத்துல உக்காந்து தட்டை வழிச்சுக்கிட்டு இருந்தாரு. 'இன்னும் கொஞ்சம் இருக்கா?'ன்னாரு. அக்கா பாத்த பார்வையில தட்டைக் கீழ வச்சுட்டாரு. அவங்க அம்மா மட்டும் காது கேக்காதவங்க சத்தத்துல கேட்டாங்க, 'பையன் நல்லாச் செய்றானே, எப்ப கல்யாணம்?'

கார்த்திகையில அக்கா மதுரைக்குப் போனாங்க. நான்தான் லாரி பிடிச்சு சாமானை ஏத்துனேன். ஏசியையும் கழட்டிக் குடுத்துட்டேன், மச்சானுக்கு வேணும்ல. அக்கா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல, அவ்வளவு வருத்தம். அவங்க போன பெறகு ரூமுக்குள்ள போயிப் படுத்தேன். அதுல கிழக்குப் பாத்து ஒரு ஜன்னல் இருக்குண்ணே. கட்டுனவன் நான், எனக்கே மறந்துபோச்சு. காலையில வெயிலு நேரா வந்து மூஞ்சியில விழுகுது. எழுப்பி விடுற மாதிரி.

இப்ப அக்கா வீட்டுக்குத்தான் போறேன். மொத பத்திரிகை அக்காவுக்குத்தான்னு கண்ணி சொல்லிட்டாங்க. அவ்வளவு மரியாதை. ஒரு மாசமா அக்கா ஃபோனை எடுக்க மாட்டேங்குறாங்க, அந்தப் பக்கம் டவர் சரியில்ல போல. நேர்ல போனா ஒரேயடியாச் சந்தோசப்படுவாங்க.

செக்கானூரணி தாண்டிருச்சா? பேச்சுல தெரியவே இல்ல. இருங்கண்ணே, ஃபோன் அடிக்குது. கண்ணிதான்.

ஹலோ. ஆங், பஸ்ஸுலதான். சாப்புட்டேன். பக்கத்துல ஒரு அண்ணன், அவர்கிட்டப் பேசிக்கிட்டு வர்றேன். எல்லாந்தான். மொதல்லருந்து. ஆமா, நான் சொல்லிட்டேன், எங்க அக்கா இல்லேன்னா இந்தக் கல்யாணமே இல்லன்னு. ஏன் சிரிக்கிறீங்க? ஹலோ. நாற்காலியில உக்காந்து சிரிங்க, தரையில உக்காராதீங்க, லேப்ல பாத்தா என்ன நெனப்பாங்க. யாருக்கு? அவருக்கா?

அண்ணே, உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். இந்தாங்க, பேசுங்க.

...

வச்சுட்டாங்களா? என்ன சொன்னாங்க? 'அவர்கிட்டச் சொல்லிராதீங்க'ன்னு எனக்கே கேட்டுச்சே. எதைச் சொல்லக் கூடாதாம்? கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வாங்கன்னு கூப்புட்டாங்களா, சரி. அது போக இன்னொண்ணு சொன்னாங்கள்ல, நீங்ககூடத் தலையாட்டுனீங்களே?

நீங்களும் சிரிக்கிறீங்க. சொல்ல மாட்டீங்க.

சரி, விடுங்க. அங்க அவங்க சிரிக்கிறாங்க, இங்க நீங்க சிரிக்கிறீங்க. அப்ப ஏதோ நல்ல விஷயமாத்தான் இருக்கும்.